கிடங்கிற்கு இயந்திரம்: எதை வாங்குவது? எவரிடம் வாங்குவது?

விளைவிப்போருக்கும் நெய்வோருக்கும் பொதுவான கஷ்டம் ஒன்று உண்டு. பண்டம் கைக்கு வரும் நாளில் விலை இறங்கியிருக்கும். விலை ஏறும் நாளில் பண்டம் கைவிட்டுப் போயிருக்கும். இவ்விரு நாட்களுக்கும் இடையே பண்டத்தைக் கெடாமலும் குறையாமலும் காத்துக் கொடுப்பதே கிடங்கின் கடமை. சங்கத்தின் நாணயம் கிடங்கின் வாயிலில்தான் சோதிக்கப்படுகிறது என்றால் அது மிகையாகாது.

வில்லியனூர் வட்டத்துச் சுத்துக்கேணி, காட்டேரிக்குப்பம் முதலிய ஊர்கள் சங்கராபரணி ஆற்றை அண்டி வாழ்பவை. ஆற்றின் நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டு செல்லும் வாய்க்காலே சுத்துக்கேணியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்கள் மாறி வரும் இப்பகுதியில், அறுவடை நாட்களில் ஒரே வாரத்தில் மூட்டைகள் வந்து குவிவதும், மற்ற நாட்களில் கிடங்கு பாதி வெறுமையாய்க் கிடப்பதும் அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. சற்றுத் தொலைவிலுள்ள சிறுவந்தாடு போன்ற நெசவு ஊர்களிலோ வேறு விதமான இடர்ப்பாடு. அங்கே சரக்கின் எடை சிறிது. ஆனால் அதன் வகைகள் பல.

கிடங்கு வேலைகளைத் தாமே செய்யும் தானியங்கி இயந்திரங்களை அமைத்துத் தருகிறோம் என்று விலைப்பட்டியல் நீட்டும் நிறுவனங்கள் இன்று நாடெங்கும் பெருகியுள்ளன. இயந்திரம் வேண்டாம் என்பது நம் கட்சியன்று. எதை வாங்குவது, எவரிடம் வாங்குவது, எந்த நிபந்தனையின்மேல் வாங்குவது என்பதை அங்கத்தினர் தெளிவாய் அறிந்து முடிவு செய்ய வேண்டும் என்பதே நாம் கூற வந்தது. செலவாகப் போவது அங்கத்தினர் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குத் தொகை அல்லவா?

கிடங்கு வந்த வழி

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தன. எனினும் கடன் மட்டும் போதாது, பண்டத்தை வைத்துக் காக்கவும் ஏற்பாடு வேண்டும் என்பதை வலியுறுத்தியது 1954இல் வெளிவந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழுவின் அறிக்கையேயாகும். அதன் பயனாய் 1956இல் சட்டம் இயற்றப்பட்டு, 1957இல் மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனமும், 1958இல் இன்றைய தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனமும் தோன்றின. 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. 2007ஆம் ஆண்டின் சேமிப்புக் கிடங்கு வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம், கிடங்கு ரசீதை வங்கியில் அடகு வைத்துக் கடன் பெறத்தக்க ஆவணமாக்கியது. 2017 முதல் அந்த ரசீது மின்னணு வடிவிலும் வழங்கப்படுகிறது.

2023 மே 31 அன்று மத்திய அமைச்சரவை, கூட்டுறவுத் துறையில் 700 லட்சம் டன் தானியக் கொள்ளளவை உண்டாக்கும் திட்டத்திற்கு இசைவளித்தது. முன்னோடியாக 11 மாநிலங்களில் 11 தொடக்கச் சங்கங்களில் கட்டப்பட்ட கிடங்குகள் 2024 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று தேனி மாவட்டத்துச் சிலமரத்துப்பட்டிச் சங்கத்தினுடையது. அதன் கொள்ளளவு 1,000 டன். பதினொன்றும் சேர்ந்தே 9,750 டன்தான். ஆதலால் நம்மைப் போன்ற சங்கங்களின் அளவு 250 டன் முதல் 3,000 டன் வரை என்று கொள்வது பொருந்தும். இயந்திரம் தேடும்பொழுது இவ்வளவை மறத்தலாகாது.

முதற் கேள்வி: நாம் வைத்திருப்பது என்ன?

1,000 டன் நெல் என்பது 50 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 20,000 மூட்டை. வகை இரண்டோ மூன்றோதான். விவசாயியின் கிடங்கில் வேண்டப்படுவது, பாரத்தைத் தூக்கி அடுக்கும் ஆற்றலும், சரியான எடையும், ஈரத்தைக் காட்டும் கருவியுமே.

நெசவாளர் சங்கத்தின் கிடங்கு இதற்கு நேர்மாறானது. 20, 40, 60, 80, 100 என்று நூலின் நம்பர்கள், ஒற்றை, இரட்டை முறுக்கு, சாயத்தின் நிறங்கள், சிட்டம், கட்டு, பேல் என்ற வடிவங்கள், நெய்து வந்த சேலையும் வேட்டியும் துண்டும். மொத்த எடை சில டன்களே இருக்கலாம். ஆனால் தேடி எடுக்கவேண்டிய வகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இங்கே வேண்டப்படுவது எந்தச் சரக்கு எந்தத் தட்டில், எந்நாள் வந்தது என்று உடனே சொல்லும் ஒழுங்கு. ஒவ்வொரு கட்டிலும் பார்கோடு சீட்டும், தட்டுகளுக்கு எண்ணும், பழையது முதலில் வெளியேறும் முறையும் இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

ஆகவே விவசாயிக்கும் நெசவாளிக்கும் ஒரே இயந்திரம் போதும் என்று ஒருவர் கூறுவாராயின், அவர் நம் கிடங்கை இன்னும் பார்க்கவில்லை என்றே கொள்ளலாம்.

ஈரத்தின் கணக்கு

அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 17 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல் உலர்ந்து 14 சதவீத ஈரத்திற்கு வந்தால், அதன் எடை ஏறத்தாழ 96½ கிலோவாகிவிடும். ஒரு மணிகூடத் திருட்டுப் போகவில்லை. ஓர் எலிகூடத் தின்னவில்லை. எனினும் 3½ கிலோ குறைந்துவிடுகிறது. 1,000 டன்னுக்கு இக்குறைவு ஏறத்தாழ 35 டன். எடையை மட்டும் பதிந்து ஈரத்தைப் பதியாத கிடங்கில் இந்த 35 டன்னும் தணிக்கையின்போது பற்றாக்குறையாய் நிற்கும். குற்றமற்ற காரியதரிசி தலைகுனிய நேரிடும். அதே 35 டன்னின் நிழலில் குற்றமுள்ளவர் மறைந்துகொள்ளவும் கூடும்.

நூலுக்கும் இது பொருந்தும். பருத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உலர்ந்த பஞ்சின் எடைமேல் 8½ சதவீத ஈரம் என்பது வாணிபத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. பட்டுக்கு 11 சதவீதம். மழைக்காலத்தில் வாங்கிய நூலை வெயிற்காலத்தில் நிறுத்தால் எடை குறைவது இதனாலேயாம்.

ஆதலின் நாம் முதலில் வாங்கவேண்டியது ஓடியாடும் இயந்திரம் அன்று. எடையையும் ஈரத்தையும் ஒருங்கே பதிந்து, அங்கத்தினர் கையில் அப்போதே சீட்டுக் கொடுக்கும் மின்னணுத் தராசும் ஈரமானியுமே முதற் கருவிகள். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அத்தராசுக்குக் காலாகாலத்தில் முத்திரை பெறுதலும் வேண்டும்.

இதற்கு முன்மாதிரி கூட்டுறவுத் துறையிலேயே உண்டு. குஜராத்தின் கிராமப் பால் சங்கங்கள் 1990களில் தொடங்கி மின்னணுத் தராசையும் கொழுப்புமானியையும் கணிப்பொறியோடு இணைத்துக்கொண்டன. பால் ஊற்றிய பெண்மணி தன் பாலின் அளவையும் கொழுப்பையும் விலையையும் கண்ணெதிரே கண்டார். இயந்திரத்தின் பயன் முதலில் அங்கத்தினருக்கே தெரியும்படி அமைந்ததால் அது எளிதில் வேரூன்றியது.

பிறர் அனுபவம்

பெரிய இயந்திரங்களால் பயனே இல்லையோ என்று கேட்கலாம். உண்டு; பொருத்தமான இடத்தில் உண்டு. பஞ்சாபின் மோகாவிலும் ஹரியானாவின் கைத்தலிலும், இந்திய உணவுக் கழகத்தின் கோதுமைக்காக அதானி நிறுவனம் தலா 2 லட்சம் டன் கொள்ளும் எஃகுக் குதிர்களை அமைத்தது. அங்கிருந்து கோதுமை மூட்டையின்றியே தனி ரயில் வண்டிகளில் ஏறி, சென்னை, கோயம்புத்தூர் முதலிய இடங்களில் உள்ள 25,000 டன் குதிர்களில் இறங்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. ஒரே தானியம், பெருத்த அளவு, கழகத்தோடு நீண்டகால ஒப்பந்தம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அவ்வமைப்புக்கு இடம் உண்டாயிற்று. மூன்றில் ஒன்றேனும் நம்மிடம் உண்டா என்று எண்ணிப் பார்த்த பிறகே குதிரைப் பற்றிப் பேசவேண்டும்.

சரக்கு வருமுன் இயந்திரம் வாங்கியவர் கதையும் உண்டு. அமெரிக்காவில் வெப்வான் என்றொரு நிறுவனம் மளிகைப் பொருள்களை வீட்டுக்கே அனுப்பும் வியாபாரம் தொடங்கி, தானியங்கிப் பெருங்கிடங்குகள் 26 கட்டுவதற்காக 1999இல் 100 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. வாடிக்கை அவ்வளவுக்கு வளரவில்லை. 2001 ஜூலையில் நிறுவனம் திவாலாயிற்று.

நமக்கு மிகவும் பாடமாகத்தக்கது கீவா என்ற நிறுவனத்தின் கதை. சரக்குத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பணியாளரிடம் வந்து சேரும் சிறு இயந்திர வண்டிகளை அந்நிறுவனம் செய்து பல வணிகர்களுக்கு விற்றுவந்தது. 2012இல் அமேசான் நிறுவனம் கீவாவையே 77½ கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. அதன்பின் அவ்வண்டிகள் அமேசானின் கிடங்குகளுக்கே உரியவையாயின. பழைய வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்கள் முடிந்ததும் புதுப்பிக்கப்படவில்லை. இயந்திரம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. விற்றவரே இல்லாமற் போனார். வாங்கியவர்கள் வேறிடம் தேடி அலைய நேர்ந்தது.

விற்பவர் கைமாறுவார், விலை கூட்டுவார், கடையைக் கட்டுவார். இவை வியாபார உலகின் இயல்பு. ஆகையால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்பொழுது நாம் கேட்கவேண்டிய தலையாய கேள்வி, “இவர் எவ்வளவு செய்து தருவார்?” என்பது மட்டும் அன்று, “இவர் இல்லாத நாளில் நம் கிடங்கு நடக்குமா?” என்பதும் ஆகும்.

செலவை மூட்டைக் கணக்கில் பார்ப்போம்

விலைப்பட்டியலில் கண்ட தொகை செலவு முழுவதும் அன்று. விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டு மட்டும் தருகிறோம். மூட்டை தூக்கி அடுக்கும் கன்வேயர் ஒன்றின் விலை 12 லட்ச ரூபாய், ஆயுள் 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 1,20,000. பராமரிப்பு ஒப்பந்தம் 96,000. மின்சாரமும் இயக்குபவர் கூலியும் 1,44,000. ஆக 3,60,000 ரூபாய்.

20,000 மூட்டைக் கிடங்கு ஆண்டில் இருமுறை நிறைந்து இருமுறை காலியாகுமானால், ஏற்றலும் இறக்கலுமாக 80,000 மூட்டை கை மாறும். மூட்டைக்கு 4 ரூபாய் 50 காசு விழும். அதே கிடங்கு ஒரே முறை நிறையுமானால் மாறுவது 40,000 மூட்டைதான். மின்சாரமும் கூலியும் பாதியாகக் குறையும். தேய்மானமும் பராமரிப்பும் குறையா. மொத்தம் 2,88,000, மூட்டைக்கு 7 ரூபாய் 20 காசு. கடன் வாங்கி வாங்கினால் வட்டி வேறு.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், இயந்திரம் மலிவா அன்றா என்பதை நிர்ணயிப்பது விற்பவரின் விலை மட்டும் அன்று. நம் கிடங்கு எவ்வளவு நிறைகிறது என்பதும் ஆகும். ஆகவே விலைப்புள்ளி கேட்குமுன் ஓராண்டு வரவு செலவு மூட்டைகளை மாதவாரியாக எழுதி வைத்தல் இன்றியமையாதது. லிங்கரெட்டிப்பாளையத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்றதைக் கண்ட நம் பகுதியினருக்கு, இயந்திரம் இருப்பது வேறு, அது ஓடுவது வேறு என்பதை விளக்கவேண்டியதில்லை.

நிறுவனத்தைச் சோதிக்கும் முறை

ஒன்று: வேண்டியதை நாமே ஒரு தாளில் எழுதி, குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் அதே தாளைக் கொடுத்து விலைப்புள்ளி பெறவேண்டும். அவரவர் தத்தம் சரக்குக்கேற்ப எழுதித் தந்தால் ஒப்பிடுவது இயலாது.

இரண்டு: காட்சிக்கூடத்தில் புது இயந்திரத்தைப் பார்த்து மயங்கலாகாது. நம் அளவுள்ள ஒரு கிடங்கில் மூன்றாண்டேனும் ஓடிய இயந்திரத்தை அறுவடை மாதத்தில் சென்று காணவேண்டும். நிறுவனத்தார் உடனில்லாத வேளையில் அங்குள்ள கிடங்குக் காவலரிடமும் சுமைத் தொழிலாளரிடமும் பேசவேண்டும். அது எத்தனை நாள் நின்றது, பழுது பார்ப்பவர் எத்தனை நாள் கழித்து வந்தார் என்பதை அவர்களே அறிவர்.

மூன்று: பட்டை, மோட்டார், உருளை முதலிய உதிரிகள் புதுச்சேரியிலோ விழுப்புரத்திலோ கிடைக்குமா, உள்ளூர் மின்பணியாளர் பழுது பார்க்க வரைபடம் தருவார்களா என்று கேட்கவேண்டும். அந்த நிறுவனம் மட்டுமே செய்யும் உதிரியில் இயங்கும் இயந்திரம், நம்மை அதன் வாயிலில் என்றும் நிற்க வைக்கும்.

நான்கு: சரக்குக் கணக்கு சங்கத்தின் சொத்து. கணிப்பொறியில் பதியும் இருப்பும், அங்கத்தினர் பெயரும், கடவுச்சொல்லும் சங்கத்திடமே இருத்தல் வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் முழுக் கணக்கையும் எவரும் படிக்கத்தக்க வடிவில் கட்டணமின்றித் திருப்பித் தரவேண்டும் என்று எழுத்தில் பெறவேண்டும். 2022 ஜூனில் இசைவு பெற்ற மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் 63,000 தொடக்க வேளாண்மைச் சங்கங்கள் கணிப்பொறி மயமாக்கலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. புதிய கருவி அக்கணக்கோடு பொருந்துமா என்பதையும் முன்னதாகவே கேட்டறிக.

ஐந்து: தொகையைத் தவணையாகக் கொடுக்கவேண்டும். ஒரு பகுதியை, ஒரு முழு அறுவடைப் பட்டம் தடையின்றி ஓடிய பிறகே கொடுப்பது என்று நிறுத்தி வைத்தல் நன்று. சோதனை ஓட்டம் நம் மூட்டையை வைத்து, நம் ஆட்கள் இயக்க, கூட்டம் மிகுந்த நாளில் நடைபெறவேண்டும்.

நீர், நெருப்பு, மின்சாரம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்தது. சங்கராபரணியும் பெருகியது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலையும் நாம் மறக்கவில்லை. ஆதலால் மின் பலகையும் கணிப்பொறியும் ஊரில் கண்ட வெள்ளத்தின் உயரத்திற்கு மேலே அமைக்கப்படவேண்டும். மின்சாரமற்ற இரண்டு நாளில் சரக்கைக் கையால் எடுத்துக் கொடுக்க இயலாத எந்த அமைப்பும் நமக்கு ஆகாது.

நெருப்பும் கருதத்தக்கதே. இங்கிலாந்தில் ஒகாடோ நிறுவனத்தின் ஆண்டோவர் தானியங்கிக் கிடங்கு 2019 பிப்ரவரியில் தீக்கிரையாயிற்று. இயந்திர வண்டியின் மின்கலம் ஏற்றும் இடத்திலே பழுது தோன்றியதே அதன் காரணம். நூலும் பஞ்சும் சணற்சாக்கும் உள்ள இடத்தில், மின்கலம் ஏற்றும் அறை கிடங்கிற்கு வெளியே தனியாக இருத்தல் வேண்டும். நெல்லின் தூசி புகாவண்ணம் மூடிய மோட்டார்களையே ஏற்கவேண்டும்.

தோள்களை மறவாதிருப்போம்

முன்னாளில் 100 கிலோ மூட்டையைச் சுமந்த தோள்கள் இன்று பெரும்பாலும் 50 கிலோ சுமக்கின்றன. வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கத்தக்கது 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967லேயே பரிந்துரைத்தது. முதுகை முறிக்கும் பாரத்தை இயந்திரம் ஏற்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் பாரத்தோடு கூலியும் போய்விடுமானால் அது அவர்களுக்கு ஆறுதலாகாது. சுமை தூக்குவோர் வேற்று மனிதர் அல்லர்; அங்கத்தினரின் அண்ணனும் தம்பியும் அவர்களே. கன்வேயரை இயக்கவும், ஈரம் பார்க்கவும், சீட்டு ஒட்டவும் முதலில் அவர்களுக்கே பயிற்சி தரவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக இருக்கட்டும். இயந்திரத்தை நாளும் கையாள்பவர்கள் அவர்களே. அதன் குறையை முதலில் கண்டு சொல்லக்கூடியவர்களும் அவர்களே.

பேரவை செய்யவேண்டுவது

இவ்விஷயத்தை நிர்வாகக் குழுவின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, பின்னர் குறை கூறுவது நேர்மையன்று. அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் மூன்று செய்திகளைக் கேட்டுப் பெறவேண்டும்: ஓராண்டின் மாதவாரி மூட்டைக் கணக்கு, எடையோடு ஈரமும் பதியப்படுகிறதா என்ற விவரம், வந்த விலைப்புள்ளிகளின் மூட்டைவாரிச் செலவு. இம்மூன்றும் கையில் உள்ள சங்கத்தை எந்த விற்பனையாளரும் ஏமாற்ற இயலாது. இவை இல்லாத சங்கத்திற்கு உலகத்தின் சிறந்த இயந்திரமும் உதவாது.

தராசில் தொடங்குவோம், சீட்டில் தெளிவோம், பாரம் தூக்கும் இயந்திரத்திற்குப் பிறகு செல்வோம். ஒவ்வொரு படியிலும், விற்றவர் போனாலும் நம் கிடங்கு நம்முடையதாகவே நிற்குமா என்று கேட்போம். அங்கத்தினரின் பொருளைக் காப்பதற்கென்று கட்டிய கிடங்கு, அங்கத்தினரின் அறிவாலேயே காக்கப்படுமாக.